கணக்கில் வராத கள்ளக்குறிச்சி

எங்கள் உலாவியைத் தமிழில் ஏறக்குறைய யாருமே பயன்படுத்துவதில்லை என்று அதன் தலைமையகத்திலிருந்து மின்னஞ்சல் வந்த காலையில், என் கடையின் எல்லாக் கணினிகளிலும் ஆட்கள் உட்கார்ந்து அதைத்தான் தமிழில் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். பட்டா நகல் எடுக்க வந்தவர் ஒருவர், மகளுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்க வந்தவர் ஒருவர், தேர்வு முடிவு பார்க்க வந்து கையைப் பிசைந்துகொண்டிருந்த அப்பாவும் மகளும். வெளியே பெஞ்சில் இன்னும் சிலர் முறைக்குக் காத்திருந்தார்கள். படித்து முடித்துத் திரும்பி அவர்களை எல்லாம் ஒருமுறை பார்த்தேன். யாருமே இல்லையாம். வந்த கோபத்தில் பட்டாக்காரரிடம் ஓ.டி.பி. கேட்கும்போது என் குரல் உயர்ந்துவிட்டது. பாவம், தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து அவர் எண்ணைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் நான் இணைய மையம் நடத்துகிறேன். ஊர் மாவட்டத் தலைநகரம் ஆனதிலிருந்து இதுதான் நடைமுறை: ஆபீசுக்குப் போனால் ஆன்லைனில் போட்டுவிட்டு வா என்பார்கள், ஆன்லைனில் போட என்னிடம் வருவார்கள், நான் போட்டுக் கொடுத்த ரசீதை எடுத்துக்கொண்டு மறுபடி ஆபீசுக்குப் போவார்கள். நடுவில் நான் உட்கார்ந்து பிழைப்பை ஓட்டுகிறேன்.

உலாவி என்பது இணையத்தைத் திறந்து பார்க்கிற மென்பொருள். கடையில் பிரவுசர் என்றுதான் சொல்வோம். கணினியோடு வந்ததையே பெரும்பாலானவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். நான் வைத்திருப்பது வேறு. உலகத்தின் பல மூலைகளில் இருக்கிற தன்னார்வலர்கள் சேர்ந்து செய்வது. ஆளை வேவு பார்க்காது என்பதுதான் அதன் பெருமை. ஆனால் நான் அதற்குள் வந்தது பெருமையைப் பார்த்து இல்லை, சண்டை போட்டு.

பார்த்த பக்கங்களின் பட்டியலை அழிக்கும் பொத்தானுக்கு, யாரோ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, ‘சரித்திரத்தை ஒழி’ என்று தமிழில் எழுதி வைத்திருந்தார்கள். கரும்பு ஆலைக்குப் பதிவு பண்ண வந்த ஒரு விவசாயி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “இன்னாம்மா இது, சரித்திரத்தயே ஒழிக்கச் சொல்லுது? கேஸு கீஸு ஆயிடப் போவுது” என்று கையை எடுத்துக்கொண்டார். அன்றைக்கே அவர்களுடைய தளத்தில் போய்க் காரசாரமாக எழுதினேன். மறுநாள் பதில் வந்தது: நீங்களே திருத்தலாமே. கூடவே எப்படித் திருத்துவது என்ற விளக்கமும். திட்டினால் வேலையைத் தூக்கித் தலையில் கட்டிவிடுகிற கூட்டம் அது என்று அப்போதுதான் தெரிந்தது. ‘பார்த்தவற்றை அழி’ என்று மாற்றினேன். அப்புறம் கை சும்மா இருக்கவில்லை.

இரண்டு மூன்று வருடத்தில் அந்த உலாவியின் தமிழ் முகத்தில் பாதிக்கு மேல் என் கைபட்டதாகிவிட்டது. மொழிபெயர்த்தால் போதாது, பயன்படுத்த ஆள் வேண்டும் என்று தலைமையகத்தில் சொன்னார்கள். சேர்த்தேன். தியாகதுருகம், சங்கராபுரம், மணலூர்பேட்டை என்று பஸ் போகிற ஊரில் எல்லாம் இருக்கிற மையங்களுக்குப் போனேன். கல்வராயன் மலையில் வெள்ளிமலை என்ற ஊரில் மையம் நடத்துகிற தம்பி ஒருவர் கிடைத்தார். பேச்சில் என்னைவிடக் கெட்டிக்காரர். மலைமேல் இருக்கிற மற்றக் கடைகளை எல்லாம் அவரே இழுத்து வந்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கடையில் எல்லோரும் கூடினோம். தலைமையகம் அனுப்பிய ஸ்டிக்கர்களைப் பிரித்துக்கொண்டோம். பின்னணியில் மலை தெரிகிற மாதிரி ஒரு போட்டோ வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். என் கடையிலிருந்து பார்த்தால் எதிர்க்கடை பரோட்டாக் கல்தான் தெரியும். அதைப் பின்னால் வைத்து எடுத்து அனுப்பினோம்.

மாதம் ஒருமுறை உலகக் கூட்டமும் உண்டு, திரையில். இங்கே சாயங்காலம் என்றால் சிலருக்கு விடியற்காலை. பெரு நாட்டு மலையிலிருந்து ஒரு பள்ளிக்கூட டீச்சர் வருவார், கெச்சுவா மொழிக்காக. பின்னால் சேவல் கூவும், அவர் கண்டுகொள்ள மாட்டார். எல்லா மொழிக்காரர்களையும் கட்டி மேய்க்கிறவர் தலைமையக ஒருங்கிணைப்பாளர், நல்ல பெண்மணி, யாரையும் ஒரு சொல் கடிந்து பேச மாட்டார். என் ஆங்கிலம் விண்ணப்பப் படிவங்களில் படித்த ஆங்கிலம். மரியாதை அதிகமாக இருக்கும், வினைச்சொல் சில சமயம் இருக்காது. அவர்களும் பொறுத்துக்கொண்டார்கள்.

இப்போது அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். மணலூர்பேட்டைக்கு அந்தாண்டை ஒரு கிராமம். ஒரு மத்தியானம் வந்தவள், கணினி முன்னால் உட்காராமல் நின்றபடியே கேட்டாள்.

“நான் பாக்குறது அப்புறமா வர்றவங்களுக்குத் தெரியுங்களா?”

“இன்னாம்மா ஆச்சு?” என்றேன்.

“வேற ஊரு கடையில ஜீவனாம்சம் பத்திப் பாத்தேங்க. எம் பின்னாடியே எங்க வூட்டுக்காரரோட அண்ணன் வந்து அதே மிஷின்ல குந்திக்கினாரு. ஒரு எழுத்து அடிச்சதும் நான் பாத்ததெல்லாம் வரிசையா வந்து நின்னுச்சாம். வூட்டுக்குப் போறதுக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சு.” தாடையில் இருந்த வீக்கத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டிருந்தாள்.

என் கணினிகளில் ஒரு மென்பொருள் போட்டிருக்கிறேன். கணினியை அணைத்து மறுபடி போட்டால் போதும், முதல்நாள் வாங்கி வைத்த மாதிரி ஆகிவிடும். வைரஸுக்குப் பயந்து போட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆள் எழுந்ததும் அணைத்துப் போடுவதை வழக்கமாக்கினேன். உலாவியில் இன்னொன்றும் உண்டு. இத்தனை பேர் இந்த மொழியில் பயன்படுத்துகிறார்கள் என்று தலைமையகத்துக்கு எண்ணிக்கை அனுப்புகிற சுவிட்ச். வேண்டாம் என்றால் அணைத்துக்கொள்ளலாம் என்று அவர்களே வைத்திருந்தார்கள். அதையும் அணைத்தேன். பூட்டுவது என்று கிளம்பிய பிறகு யாராவது ஒரு கதவை மட்டும் திறந்து வைப்பார்களா? ஒரு போர்டும் எழுதி மாட்டினேன்: ‘இங்கே பார்த்தது இங்கேயே அழியும். எங்கேயும் எதுவும் போகாது.’

அந்தப் பெண் போர்டைப் படித்துவிட்டு உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அடிக்கடி வந்தாள். ஒவ்வொரு தடவையும் எழுந்திருக்கும் முன் என்னைப் பார்த்து, “அழிச்சிட்டீங்களா?” என்பாள். அணைத்துக் காட்டிய பிறகுதான் செருப்பைப் போடுவாள்.

போர்டு மற்றக் கடைக்காரர்களுக்கும் பிடித்துப்போனது. வெள்ளிமலைத் தம்பிதான் முதலில் படம் எடுத்துப் போய் எழுதி மாட்டினார். பிறகு மாவட்டம் முழுக்க எங்கள் கூட்டத்துக் கடைகளில் அதே வாசகம், அதே பழக்கம். ஆள் எழுந்தால் அணைத்துப் போடு, எண்ணிக்கையை அனுப்பாதே. உலகக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒருங்கிணைப்பாளர் கைதட்டினார்கூட.

கை தட்டியவரிடமிருந்துதான் அந்த மின்னஞ்சல் வந்தது. எண்ணிக்கை குறைந்த மொழிகளை முக்கிய வெளியீட்டிலிருந்து நீக்கப்போகிறார்கள். பராமரிக்க ஆள் இல்லையாம். நீக்கப்படும் வரிசையில் தமிழும் இருந்தது, கெச்சுவாவும் இருந்தது. இத்தனை கோடிப் பேர் பேசுகிற மொழி எப்படி அந்த வரிசைக்குப் போனது என்று யோசித்தால் விடை கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. நம்மில் படித்தவர்கள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் வைத்துக்கொள்கிறார்கள். தமிழில் வைத்திருப்பது எங்களை மாதிரிக் கடைகள். நாங்களோ எண்ணிக்கையை அணைத்து வைத்திருக்கிறோம்.

ஒருங்கிணைப்பாளர் அன்பாகத்தான் எழுதியிருந்தார். அந்தச் சுவிட்சைப் போடுங்கள், தமிழ் தப்பித்துவிடும். பெயர் வராது, பார்த்த பக்கம் வராது, ஒருவர் இருக்கிறார் என்பது மட்டும்தான் வரும். அவர் சொன்னது உண்மை, எனக்கும் தெரியும். ஆனால் என் சுவரில் ‘எதுவும் போகாது’ என்று எழுதியிருக்கிறது. ‘கொஞ்சம்தான் போகும்’ என்று எழுதவில்லை. தாடை வீங்கி வந்தவளிடம் கொஞ்சத்துக்கும் எல்லாவற்றுக்கும் வித்தியாசம் விளக்கிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. முடியாது என்று எழுதினேன். கடைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவிலும் அதையே போட்டேன். ஒருவரும் பதில் பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், எங்கள் குழு அப்படி அமைதியாக இருக்கிற குழு இல்லை.

சில வாரம் போனது. திடீரென்று ஒருங்கிணைப்பாளரிடமிருந்து வாழ்த்து. உலகத்திலேயே வேகமாக வளரும் மொழி தமிழாம். எப்படிச் சமூகத்தைக் கட்டினீர்கள் என்று வரும் கூட்டத்தில் எல்லா மொழிக்காரர்களுக்கும் நான் எடுத்துச் சொல்ல வேண்டுமாம். கூடவே ஒரு வரைபடம். தரையோடு தரையாக ஊர்ந்து வந்த கோடு ஒன்று திடீரென்று செங்குத்தாக மலை ஏறியிருந்தது.

வெள்ளிமலைக்குப் போன் போட்டேன். “இன்னா தம்பி பண்ணி வெச்சீங்க?”

“ஒன்னுமில்லக்கா. உங்க கட ஒன்ன வுட்டுட்டு மீதி எல்லாக் கடையிலயும் சுவிட்சப் போட்டுட்டோம். உங்க கிட்ட சொன்னா கத்துவீங்க.”

“சரி, நம்ம கிட்ட இருக்குற மிஷினே கம்மி. இவ்ளோ ஜனம் எங்கேந்து வந்தாங்க?”

அந்தப் பக்கம் சிரிப்பு. “அதாங்க்கா விஷயமே. அணைச்சிப் போட்டா மிஷின் புதுசா ஆயிடுதா? பிரவுசரும் புதுசுன்னு நெனச்சிக்கினு புது ஆளா எண்ணுது. ஒரு ஆளு எழுந்தா ஒரு ஓட்டு. ஆளு இல்லாதப்ப நாங்களே அணைச்சி அணைச்சிப் போட்டுக்கினு இருந்தோம். இங்க மலையில கரண்ட் போய்ப் போய் வருது இல்ல, அது வேற தனி ஓட்டு. மொத தடவயா கரண்ட் கட்டால நல்லது நடந்துக்கினு இருக்குது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். எங்கேயோ கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து அந்தக் கோட்டைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருக்கிறார்கள், இங்கே மலையில் மின்சாரம் போய்விட்டு வந்துகொண்டிருக்கிறது. ஒரு நிமிடம் எனக்கும் ஆசை தட்டியது. யாருக்கு என்ன நஷ்டம்? தமிழ் தப்பிக்கும். போனை வைத்துவிட்டு டீ சொன்னேன்.

டீ வருவதற்குள் அந்தப் பெண் வந்தாள். அன்றைக்குக் கோர்ட்டில் அவளுக்கு வாய்தா, முடித்துவிட்டு வந்திருந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

“போன வாரம் தியாகதுருகத்துல சொந்தக்காரங்க வூட்டுக்குப் போயிருந்தங்க. அங்க ஒரு கடையிலயும் உங்க போர்டுதான் மாட்டி வெச்சிருந்தாங்க. அத நம்பித்தான் உள்ள போனேன். வக்கீலு அனுப்பினத எல்லாம் அங்கயே பாத்துட்டேன். அதே போர்டுதான? எதுவும் எங்கயும் போயிருக்காதுங்களே?”

அவளைப் பற்றிய ஒரு எழுத்துகூடப் போயிருக்காது. ஒருவர் இருக்கிறார் என்று ஒரு எண்தான் போயிருக்கும். அதுவும் அவள் எழுந்ததும் அணைத்துப் போட்டு, அவளையே இன்னொரு புது ஆளாகக் கணக்கில் சேர்த்திருப்பார்கள். இதையெல்லாம் நான் வாய்க்குள் வரிசைப்படுத்திப் பார்த்தேன். “போவாதும்மா” என்று எப்போதும் சட்டென்று சொல்லுகிறவள் அன்றைக்கு மானிட்டரைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். எனக்கு அவமானமாக இருந்தது. நான் போடாத சுவிட்ச்தான், ஆனால் அது என் போர்டு, என் வார்த்தை.

அவள் போனதும் குழுவில் குரல் பதிவு போட்டேன். தட்டச்சு செய்கிற பொறுமை இல்லை. “சுவிட்ச அணைங்க. இல்லன்னா போர்டக் கழட்டுங்க. ரெண்டும் ஒரே கடையில இருக்கக் கூடாது.”

வெள்ளிமலைத் தம்பி உடனே கூப்பிட்டார். “அணைச்சா தமிழு போயிடுமேக்கா. நீங்க எத்தினி வருசம் உக்காந்து பண்ணது.”

“போவட்டும்.”

“உங்களுக்கு வருத்தமா இல்லியா?”

“இருக்குது தம்பி. வயிறு எரியுது. அதுக்காக?”

போனில் அவருக்குப் பின்னால் மழை தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. “சரிக்கா, அணைச்சிடறேன்” என்றார். அவருடைய குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. சாயங்காலத்துக்குள் ஏறக்குறைய எல்லாக் கடைக்காரர்களும் அணைத்துவிட்டதாகச் செய்தி போட்டார்கள். ஒருவர் மட்டும் கோபப்பட்டு, சுவிட்சை அப்படியே வைத்துக்கொண்டு போர்டைக் கழற்றினார். அதுவும் நேர்மைதான்.

கூட்ட நாள் வந்தது. திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். ஒருங்கிணைப்பாளர் அந்த மலையேறும் கோட்டைத் திரையில் போட்டு, இந்தச் சாதனையைச் செய்தவரிடமிருந்து கற்றுக்கொள்வோம் என்று அழைத்தார். எழுதி வைத்ததைப் படிக்கலாம் என்று இருந்தேன். அந்தக் கோட்டைப் பார்த்ததும் எழுதி வைத்தது வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

“மேடம், இந்தக் கோடு பொய்” என்றேன். “இதில் பாதி எங்கள் ஊர் மின்வெட்டு.”

சிலர் சிரித்தார்கள், வேடிக்கை என்று நினைத்து. நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். அணைத்துப் போடுவதை, புது ஆளாக எண்ணப்பட்டதை, ஏன் எண்ணிக்கை அனுப்புவதில்லை என்பதை, அந்தப் பெண்ணை. ஊர், பெயர் எதுவும் சொல்லவில்லை. என் ஆங்கிலத்தில் வழக்கம்போல வினைச்சொற்கள் உதிர்ந்தன. பொருட்படுத்தவில்லை. கடைசியில் இப்படிச் சொன்னேன்: “ஆளை வேவு பார்க்காத உலாவி என்று சொல்லித்தான் எங்களைச் சேர்த்தீர்கள். நாங்கள் அதை நம்பினோம். நம்பியவர்களுக்குக் கணக்கில் இடம் இல்லை, எண்ணிக்கை அனுப்புகிறவர்களுக்குத்தான் இடம் என்றால், எங்களை நீக்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்துவிட்டோம். மறுபடி போட மாட்டோம்.”

ஒருங்கிணைப்பாளர் முகத்தில் சிரிப்பு போயிருந்தது. “உங்கள் நேர்மைக்கு நன்றி. ஆனால் விதியை மாற்றுகிற அதிகாரம் எனக்கு இல்லை” என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, விதிமேல்தான்.

அப்போது சேவல் கூவியது. பெரு நாட்டு டீச்சர் ஒலிவாங்கியைத் திறந்திருந்தார். “எங்கள் பள்ளிக்கூடத்திலும் சுவிட்சை அணைத்துத்தான் வைத்திருக்கிறோம்” என்றார். “பிள்ளைகளின் கணினி. வெளியே எதுவும் போகக் கூடாது என்று தாய்மார்கள் கேட்டுக்கொண்டார்கள். இவ்வளவு நாள் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை.” அடுத்து ஜார்ஜியா நாட்டு நூலகர் ஒருவர், எங்கள் நூலகத்திலும் என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு கட்டமாகத் திறந்தது. எங்கள் ஊரிலும். எங்கள் ஊரிலும். இத்தனை வருடம் ஒரே திரையில் உட்கார்ந்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தோம். அன்றைக்குத்தான் நாங்கள் ஒரு கூட்டம் என்று தெரிந்தது.

விதி மாறவில்லை. அடுத்த வெளியீட்டில் தமிழ் நீக்கப்பட்டது, கெச்சுவாவும் நீக்கப்பட்டது. நீக்கப்பட்டவர்கள் எல்லோரும் தனியாக ஒரு குழு ஆரம்பித்தோம். உலாவி யார் வேண்டுமானாலும் எடுத்து வேலை செய்யலாம் என்பதுதானே அவர்கள் பெருமை? எடுத்துக்கொண்டோம். நூலகர் நிரல் எழுதத் தெரிந்தவர். ஒவ்வொரு முறை புதுப் பதிப்பு வரும்போதும் எங்கள் சொற்கள் இருக்கிற மொழிக்கோப்பை அதற்குப் பொருத்திக் கொடுக்கிறார். நாங்கள் சரிபார்க்கிறோம். ஒரு மொழிக்கு உடம்பு சரியில்லை என்றால் இன்னொரு மொழிக்காரர் வந்து பார்க்கிறார். டீச்சர் தமிழ் எழுத்தே தெரியாமல் எங்கள் கோப்பில் உடைந்த வரியைக் கண்டுபிடித்துச் சொன்னார். இந்த மழைக்காலத்தில் மலையில் இணையம் படுத்துக்கொண்டபோது பென்டிரைவில் போட்டுக்கொண்டு நானே வெள்ளிமலை பஸ் ஏறினேன். வளைவுகளில் குடல் வெளியே வருகிற மாதிரி இருந்தது. தம்பி எலுமிச்சம்பழத்தோடு நிறுத்தத்தில் நின்றிருந்தார்.

“தமிழு இருக்குதாக்கா?” என்றார்.

“கையில இருக்குது” என்றேன்.

போன வாரம் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து தனிப்பட்ட மின்னஞ்சல். எங்கள் குழுவைப் பற்றித் தலைமையகத்தில் பேச்சு அடிபடுகிறதாம். விதியை மறுபடி பரிசீலிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்களாம். தமிழில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று தோராயமாகவாவது ஒரு எண் சொல்லுங்கள், அது போதும் என்று எழுதியிருந்தார்.

படித்துக்கொண்டிருந்தபோது ஓரத்துக் கணினியில் நாற்காலி நகர்ந்தது. அந்தப் பெண்தான். ஜீவனாம்சத் தீர்ப்பின் நகலை அச்செடுத்து மடித்துப் பைக்குள் வைத்தாள். செருப்பைப் போட்டாள். “வரேங்க” என்றாள். அழித்துவிட்டீர்களா என்று கேட்கவில்லை. படி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தாள்.

நான் எழுந்து போய் அந்தக் கணினியை அணைத்துப் போட்டேன். அப்புறம் வந்து உட்கார்ந்து, எண்ணவில்லை என்று பதில் அனுப்பினேன்.